கரண்ட் போய் வந்தாலும் தானே எழும் வீட்டு கிளவுட்: பாளையங்கோட்டையில் அமைத்த விதம்

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டுக்காக அமைத்த சேமிப்புப் பெட்டி, அதாவது வீட்டார் எல்லாருடைய படங்களையும் கோப்புகளையும் சேர்த்துவைத்து எங்கிருந்தும் எடுக்கத் தரும் கம்ப்யூட்டர், ஒரு சித்திரை வெயிலையும் ஓர் ஐப்பசி இடிமழையையும் தாண்டி ஒரு கோப்பும் கெடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து போன்கள், இரண்டு லேப்டாப்கள், பழைய கல்யாண டிவிடிகள், பத்திர நகல்கள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் சேர்த்து உள்ளே போனது சுமார் 1.3 டிபி. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மென்பொருள் நிறுவுவது ஒரு மத்தியான வேலைதான். அதற்கு விளக்கம் எங்கும் கிடைக்கும். நம் பக்கத்தில் இந்தப் பெட்டியைக் கொல்பவை வேறு: விட்டுவிட்டு வரும் கரண்ட், வெக்கை, இடி, ஆற்று வெள்ளம். ஆகவே செலவிலும் உழைப்பிலும் பெரும்பங்கை அந்த நான்குக்கும் ஒதுக்க வேண்டும். இன்னொன்று, வீட்டின் மொத்தச் சேமிப்பு 200 ஜிபிக்குக் கீழே என்றால் இந்த வேலையே வேண்டாம். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும், மாதக் கட்டணத்தில் கொஞ்சம் ஆன்லைன் இடமும் போதும்.

பெட்டி

எல்லாரும் முதலில் கையளவுக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பையைத்தான் நினைப்பார்கள். பை 4-ல் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். 2.5 அங்குல போர்ட்டபிள் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போதே ஏறக்குறைய ஓர் ஆம்பியர் இழுக்கும். இரண்டு டிஸ்க் செருகினால் வோல்ட்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கி, எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் காணாமல் போகும். பை 5-ல் 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால்தான் யூஎஸ்பிக்கு 1.6 ஆம்பியர், பழைய 3 ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். தனி மின்சாரம் உள்ள ஹப், டிஸ்க் கூடு, நல்ல அடாப்டர் என்று வாங்கிச் சேர்த்தால் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரின் விலை வந்துவிடும்.

அதனால் எடுத்தது, ஆபீஸ்களில் இருந்து கழித்துவிட்ட சிறிய டெஸ்க்டாப். ஐ5, ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விலை 9,500 ரூபாய். வாங்கும் முன் கடையிலேயே மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெளியே ஒரே அளவாகத் தெரியும் பெட்டிகளில் பலவற்றில் ஒரு 3.5 அங்குல டிஸ்க்குக்குத்தான் இடம் இருக்கும். இரண்டு வைக்க இடம், எஸ்எஸ்டிக்கும் சேர்த்து மூன்று சாட்டா (டிஸ்க்கைச் செருகும் இணைப்பு வகை) மின் இணைப்பு, மதர்போர்டில் மூன்று சாட்டா துளை, இந்த மூன்றையும் எண்ணிப் பாருங்கள். கையடக்க மினி பெட்டிகளில் 3.5 அங்குலம் நுழையாது. கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய், கரண்ட் திரும்பினால் தானே இயங்கும் அமைப்பும், குறித்த நேரத்தில் தானே எழும் அமைப்பும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இவை இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பயாஸ் பேட்டரியை வாங்கிய அன்றே மாற்றிவிடுவது நல்லது. அது செத்துப்போனால் இந்த அமைப்புகள் எல்லாம் அழிந்து, பெட்டி எழாமல் கிடக்கும்.

டிஸ்க்

4 டிபி டிஸ்க் இரண்டு, தலா 10,800 ரூபாய். 4 டிபி என்று அட்டையில் இருந்தாலும் கம்ப்யூட்டர் 3.6 என்றுதான் காட்டும். கணக்கிடும் முறை வேறு, குறை ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டியது, தடங்கள் தனித்தனியாக உள்ள சிஎம்ஆர் வகையா என்பதை. எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஓர் இடத்தில் மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் படித்து மறுபடி எழுத வேண்டும். பெரிய நகல் ஒன்று ஓடும்போது முதல் அரைமணி வேகமாகப் போய், பிறகு நொடிக்கு 20 எம்பிக்கு விழும். மாடல் எண்ணை உற்பத்தியாளரின் தகவல் தாளில் தேடினால் எந்த வகை என்று தெரிந்துவிடும். டெஸ்க்டாப்புக்கு என்று விற்கும் மலிவு டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் நிறைய.

புது டிஸ்க்கில் அன்றே படங்களை ஏற்றக் கூடாது. முதலில், டிஸ்க் தன்னைத்தானே பரிசோதிக்கும் ஸ்மார்ட் வசதியின் நீண்ட சோதனை. 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். பிறகு முழு டிஸ்க்கையும் எழுதிப் படித்துப் பார்க்கும் பேட்பிளாக்ஸ் சோதனை. நான்கு முறை எழுதி நான்கு முறை படிக்கும், இரண்டரை நாள் ஆகும். சலிப்பான வேலைதான், ஆனால் புது டிஸ்க் செத்தால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே செத்துவிடும். கடைக்காரர் மாற்றித் தரும் நாட்களுக்குள் அது நடந்துவிடுவது நமக்கு நல்லது. சோதனை முடிந்ததும் ஸ்மார்ட் பட்டியலில் கெட்ட இடங்களை எண்ணும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அது சாட்டா கேபிளின் கோளாறு, 80 ரூபாய்க்குத் தீரும். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் இணைப்பு முனைகள் பச்சை பூத்தும் இந்த எண் ஏறும்.

இரண்டு டிஸ்க்கையும் ரெய்டு 1-ல் கண்ணாடிபோல் இணைப்பதுதான் வழக்கம். இந்த வீட்டுக்கு அது பொருந்தாது என்பது என் முடிவு. ஒன்றில் அழித்தால் அதே கணத்தில் மற்றதிலும் அழியும். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டிய அலுவலகத்துக்குத்தான் ரெய்டு. வீட்டில் ஒருநாள் நின்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. போன வாரம் தவறி அழித்த கோவில் கொடைப் படம் திரும்பக் கிடைப்பதுதான் முக்கியம். ஆகவே இரண்டாவது டிஸ்க் தனியாக நிற்கிறது. தினமும் இரவில் முதலாவதைப் படியெடுத்துத் தேதிவாரியாக வைத்துக்கொள்கிறது.

கரண்ட்

இங்கேதான் உண்மையான வேலை. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தது. இன்வெர்ட்டர் இருக்கும்போது யூபிஎஸ் எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், சாதா நிலை, யூபிஎஸ் நிலை என்று. சாதா நிலையில் கரண்ட் போய்ப் பேட்டரிக்கு மாற 20 முதல் 40 மில்லி விநாடி ஆகலாம். கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் தாங்குவது ஏறக்குறைய 16 மில்லி விநாடி. சுமை குறைவாக இருக்கும்போது கூடுதலாகத் தாங்கும், அதனால் பத்து முறையில் எட்டு முறை தப்பிவிடும். மற்ற இரண்டு முறையில் ரீபூட் ஆகும். பிரச்சினை எப்போதாவது வருவதால்தான் காரணம் பிடிபடுவதில்லை.

யூபிஎஸ் நிலைக்கு மாற்றினால் வேகமாக மாறும். ஆனால் அந்த நிலையில் சுமார் 180 முதல் 260 வோல்ட் வரைதான் ஏற்கும். சாயங்காலம் வோல்ட்டேஜ் 170-க்கு இறங்குகிற ஊர்களில், பம்புசெட்டுகள் ஓடும் பக்கங்களில், கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய்விடும். ராத்திரி உண்மையிலேயே கரண்ட் போகும்போது பேட்டரி பாதிதான் இருக்கும். ஒரு மல்டிமீட்டரை வைத்து மாலை 6 முதல் 10 வரை மணிக்கொரு தரம் வோல்ட்டேஜைக் குறித்துப் பார்த்துவிட்டு நிலையை முடிவு செய்யுங்கள். பாளையங்கோட்டை வீட்டில் 205-க்குக் கீழே இறங்கவில்லை, அதனால் யூபிஎஸ் நிலை சரிப்பட்டது.

அதற்கு மேலும் ஒரு 600 விஏ யூபிஎஸ் வைத்தோம், 3,400 ரூபாய். காரணம், இன்வெர்ட்டரால் கம்ப்யூட்டரிடம் பேச முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மத்தியானம் தாண்டித்தான் கரண்ட் வரும். அதற்குள் இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்தால் பெட்டி சட்டென்று அணைந்துபோகும். யூஎஸ்பி தரவுத் துளை உள்ள யூபிஎஸ் என்றால், பேட்டரி குறைகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் ஒழுங்காக மூடிக்கொள்ளும். கடையில் கேட்கும்போது இதைத் தெளிவாகக் கேளுங்கள். மலிவு மாடல்களில் தரவுத் துளையே இருக்காது. சிலவற்றில் இருக்கும் துளை போனுக்குச் சார்ஜ் போட மட்டும்.

முதலில் இந்த யூபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் லைனில் செருகியபோது, கரண்ட் போனதும் வீட்டில் விளக்குகள் எரிய, யூபிஎஸ் மட்டும் கீச்கீச்சென்று கத்தியபடி தன் பேட்டரியைத் தின்றது. வீட்டில் இருந்தது சதுர அலையாகக் கரண்ட் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அதன் அலை வடிவத்தை யூபிஎஸ் கரண்டாகவே ஏற்காது, கரண்ட் இல்லை என்று எண்ணிப் பேட்டரிக்குப் போய்விடும். வழி இரண்டு. மெயின் கரண்டைப் போலவே வளைந்த அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறுவது. இல்லாவிட்டால் யூபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் படாத நேர் லைன் பிளக்கில் செருகி, அது தாக்குப்பிடிக்கும் நேரத்துக்குள் பெட்டியை அணையவிடுவது. இந்த வீட்டில் பழைய இன்வெர்ட்டரை மாற்றவேண்டிய காலமும் வந்திருந்ததால் சைன் வேவ் வாங்கினார்கள். அந்தச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அணைவது ஒரு பாதி. திரும்ப எழுவது மறுபாதி, அங்கே ஒரு பொறி இருக்கிறது. பேட்டரி குறைந்ததால் கம்ப்யூட்டர் அணைகிறது; யூபிஎஸ் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது; அந்த இடைவெளியில் கரண்ட் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை மின்சாரம் நிற்கவே இல்லை. ஆகவே கரண்ட் திரும்பினால் எழு என்ற பயாஸ் அமைப்பு வேலை செய்யாது. யாராவது போய்ப் பொத்தானை அழுத்தும்வரை அப்படியே கிடக்கும். யூபிஎஸ்ஸோடு பேசும் என்யூடி மென்பொருளில், கம்ப்யூட்டர் அணைந்தபின் யூபிஎஸ்ஸையும் அணைத்துவிடச் சொல்லலாம். எல்லா யூபிஎஸ்ஸும் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியாது. அதனால் பயாஸில் தினமும் காலை 6 மணிக்கும் எழச் சொல்லி வைத்திருக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது.

சோதிக்கும்போது யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும். மெயின் பெட்டியில் அந்த லைனின் எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். டிஸ்க்கில் பெரிய கோப்பு ஒன்று எழுதிக்கொண்டிருக்கும்போதே இறக்கி, ஒழுங்காக அணைகிறதா, திரும்ப எழுகிறதா என்று பார்த்தபிறகுதான் வீட்டுப் படங்களை உள்ளே விட வேண்டும்.

எர்த்தும் இடியும்

மல்டிமீட்டரில் பேஸ்-நியூட்ரல் 230 என்றால் பேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்-எர்த் 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. கம்ப்யூட்டரின் இரும்பு உடம்பில் டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகப் பாதி வோல்ட்டேஜ் உடம்பில் வந்து நிற்கும். பாளையங்கோட்டைச் சரள் மண்ணிலும், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலும், கோடையில் எர்த் குழி காய்ந்துபோய் எர்த் பலவீனமாகும். பங்குனி தொடங்கி வாரத்துக்கு ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். எர்த் சரியில்லாமல் 1,100 ரூபாய்க்கு சர்ஜ் பட்டை வாங்கி மாட்டுவது வீண். பாய்ந்து வரும் மின்சாரத்தை அது எர்த்துக்குத்தான் தள்ளிவிடும், எர்த் இல்லாவிட்டால் தள்ள இடமில்லை.

ஃபைபர் இணைப்பு வந்தபிறகு இடி பயமில்லை என்று நினைப்பது பாதிதான் சரி. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஆனால் வெளிச்சுவரில் மாட்டிய சிசிடிவி கேமராக்களின் லேன் கேபிள், தட்டட்டியின்மேல் பக்கத்து வீட்டுக்கு இழுத்த லேன் கேபிள், இவை எல்லாம் செம்புக் கம்பிகள். பக்கத்தில் இடி விழுந்தால் அவற்றில் தூண்டப்படும் மின்சாரம் நேரே ஸ்விட்சுக்குள் வந்து, அங்கிருந்து சேமிப்புப் பெட்டியின் லேன் துளையைச் சுடும். இந்த வீட்டில் கேமராக்களுக்குத் தனி ஸ்விட்ச் வைத்து, அதற்கும் வீட்டு ஸ்விட்சுக்கும் இடையில் லேன் மின்சைகையை ஒளியாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டும் ஒரு மீட்டர் ஃபைபரும் போட்டோம். 1,600 ரூபாய் ஆனது. ஐப்பசியில் இடி விழுந்து ஒரு கேமரா போனது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

வைக்கும் இடம்

வெள்ளத்துக்கு மேலே வேண்டும், வெக்கைக்குக் கீழே வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றன. அதைப் பார்த்தவர்கள் யாரும் தரைத்தளத்தில் தார்சா மூலையில் பெட்டியை வைக்கமாட்டார்கள். ஆனால் மாடியில் பரணில் தூக்கி வைப்பதும் கூடாது. சித்திரையில் மத்தியானம் 3 மணிக்குமேல் கான்கிரீட் கூரை வெப்பத்தைக் கீழே இறக்கத் தொடங்கும். பரணில் 42 டிகிரி காட்டும் நேரத்தில் அதே அறையின் இடுப்புயர அலமாரியில் 36 தான். மாடியில், மேற்கு வெயில் படாத உள்ளறையில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வைத்தோம். இரும்பு பீரோவுக்குள் வேண்டாம், காற்றுக்கு வழி இல்லை.

அறையில் 37 டிகிரி இருந்தபோது டிஸ்க் 50-ஐத் தொட்டது. உற்பத்தியாளர்கள் 60-க்கு மேலும் அனுமதிக்கிறார்கள், ஆனால் வருடக்கணக்கில் ஓட வேண்டிய டிஸ்க் 45-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. டிஸ்க்குகளுக்கு முன்னால் 120 மில்லிமீட்டர் மின்விசிறி ஒன்றைக் குறைந்த வேகத்தில் வைத்ததும் 42-க்கு இறங்கியது. விசிறியின் முன்னால் நைலான் வலை கட்டாயம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று, ஜன்னலை மூடினாலும் செம்மண் தூளைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வலையைக் கழற்றித் தட்டவேண்டியிருக்கிறது. மற்றக் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். வலையும் விசிறியும் 650 ரூபாய்.

நிறுவியது

சேமிப்புப் பெட்டிகளுக்கான மென்பொருளான ஓப்பன்மீடியாவால்ட் 7. டெபியன் 12 என்ற லினக்ஸின் மேல் ஓடுவது, எல்லாவற்றையும் பிரவுசரில் இருந்தே செய்யலாம். நிறுவும்போது இரண்டு 4 டிபி டிஸ்க்கின் கேபிளையும் கழற்றி வையுங்கள். தவறான டிஸ்க்கை அழிக்க வழியே இருக்காது. பென் டிரைவில் எழுதி, எஸ்எஸ்டியில் நிறுவி, எழுந்ததும் ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றி, ரவுட்டரில் அதற்கு ஒரு நிலையான முகவரி ஒதுக்கி, பிறகு டிஸ்க்குகளை மாட்டி லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் வடிவமைத்தால் பாதி வேலை முடிந்தது. படங்களுக்கு, போன் படங்களைத் தானே ஏற்றிக்கொள்ளும் இம்மிச், மென்பொருள்களைத் தனித்தனிக் கூட்டில் ஓட்டும் டாக்கர் வழியாக. மற்றக் கோப்புகளுக்கு, வீட்டு நெட்வொர்க்கில் ஃபோல்டராகத் தெரியும் சாதாரண சாம்பா பகிர்வு. நெக்ஸ்ட்கிளவுட் போடவில்லை. நாட்காட்டி, தொடர்பு எண்கள், ஆவணத் திருத்தம் எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு அது நல்லது. படமும் கோப்பும் மட்டும் என்றால் பராமரிக்க வேண்டிய சுமை அதிகம்.

இம்மிச்சின் தரவுத்தளம் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும், படங்கள் பெரிய டிஸ்க்கில். தரவுத்தளத்தையும் சுழலும் டிஸ்க்கில் போட்டால் போனில் படங்களைத் தள்ளிப் பார்க்கும்போது விக்கி விக்கி வரும். முதல் முறை முகங்களை அடையாளம் காணும் வேலை இந்த ஐ5-ல் பல நாள் ஓடும். அப்போது 45 வாட் இழுக்கும், பெட்டி சுடும். இரவில் மட்டும் ஓடவிட்டோம்.

லேன்

முதல் நகல் ஓடும்போது வேகம் நொடிக்கு 11.5 எம்பியில் நின்றது. இந்த எண்ணைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம், எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. 1 ஜிபிபிஎஸ் என்றால் 110 வரும். இந்த வீட்டில் அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த பெட்டியில் நான்கு லேன் துளைகளில் ஒன்றுதான் ஜிகாபிட். கேபிளும் செம்பு பூசிய அலுமினியம், அதில் கனெக்டரை அழுத்திப் பொருத்தியபோது எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாகக் கடிக்கவில்லை. நூறுக்கு நான்கு கம்பி போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். முழுச் செம்பு கேட்6 கேபிள் 15 மீட்டரும் கனெக்டர்களும் 700 ரூபாய், சிறிய ஜிகாபிட் ஸ்விட்ச் 1,000 ரூபாய். கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம்.

வெளியிலிருந்து அணுக, ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிடும் (போர்ட் திறக்கும்) முறையைப் பல காணொளிகள் சொல்லும். ரவுட்டரின் வேன் (இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது நடக்காது, பல வீடுகளுக்கு ஒரே முகவரியை நிறுவனம் பகிர்ந்து கொடுக்கிறது. சொந்தக் கருவிகளைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலி அதைச் சுலபமாகக் கடக்கும். போர்ட் எதுவும் திறக்காததால் பாதுகாப்புக்கும் அதுவே மேல். மும்பையில் இருக்கும் பிள்ளைகளின் போன்களிலும் அதே செயலியைப் போட்டோம். இணைப்பு நேராக அமையாமல் இடைநிலையம் வழியாகப் போனால் மெதுவாக இருக்கும். இரு முனைகளிலும் புது முகவரி முறையான ஐபிவி6 இயங்கினால் பெரும்பாலும் நேரடி இணைப்பு கிடைக்கிறது.

ஆண்ட்ராய்டு போன்களில் இம்மிச்சுக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்க மறக்காதீர்கள். நீக்காவிட்டால் போன் அதைத் தூங்கவைத்துவிடும், ஆச்சியின் போனில் மூன்று மாதப் படம் ஏறாமல் கிடக்கும்.

தமிழ்ப் பெயர்கள்

இதை எந்த வழிகாட்டியிலும் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக. கல்யாண ஸ்டூடியோவின் பழைய மேக் டிஸ்க்கில் இருந்து படங்களை ஏற்றியபோது "கோவில் கொடை 2019" என்ற ஃபோல்டர் இரண்டு முறை தெரிந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யூனிகோடில் "கோ" என்பதைக் ககரத்தோடு ஒற்றை ஓகாரக் குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் எழுதலாம். பழைய மேக் டிஸ்க் வடிவம் பிரித்துத்தான் வைக்கும், விண்டோஸும் ஆண்ட்ராய்டும் சேர்த்து வைக்கும், லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் உள்ள பெயர்களில் எல்லாம் இது வரும். இரண்டில் ஒன்றின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவைத்து, கான்வ்எம்வி என்ற கருவியில் முதலில் சோதனை ஓட்டம், பிறகு உண்மை ஓட்டம் என்று எல்லாப் பெயர்களையும் சேர்த்த வடிவத்துக்கு மாற்றியபின் இரண்டு ஃபோல்டர்களையும் ஒன்றாக்கினோம்.

இன்னொன்று நீளம். ஈஎக்ஸ்டி4-ல் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆகவே 85 குறியீடு. "தி" என்பதே இரண்டு குறியீடு என்பதால், நாம் எண்ணுகிற கணக்கில் ஐம்பது எழுத்துச் சொச்சம்தான். வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பிதழ் பிடிஎஃப்களின் பெயர்கள் இதைச் சாதாரணமாகத் தாண்டும், நகல் எடுக்கும் மென்பொருள் அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். நகல் முடிந்ததும் பதிவேட்டில் பிழை வரிகளைப் படித்து, விடுபட்டவற்றின் பெயரைச் சுருக்கி ஏற்ற வேண்டும்.

இம்மிச்சின் தேடல் இயல்பாக ஆங்கிலத்துக்கே பழகியது. அமைப்பில் பன்மொழி மாதிரி ஒன்றுக்கு மாற்றினால் தமிழிலும் தேடலாம். மாற்றியபின் எல்லாப் படங்களையும் மறுபடி அலசவேண்டும், 8 ஜிபி ராம் இறுக்கமாகிவிடும்.

நகல்கள்

இம்மிச் தினமும் இரவு 2 மணிக்குத் தன் தரவுத்தளத்தைப் படியெடுத்துப் படங்கள் உள்ள இடத்திலேயே வைக்கிறது. எனவே நம் நகல் 3 மணிக்கு ஓடவேண்டும். 1 மணிக்கு வைத்தால் எப்போதும் முந்தைய நாள் தரவுத்தளம்தான் நகலில் இருக்கும். தேதிவாரியாக நகல் வைக்கும் ஆர்ஸ்னாப்ஷாட் என்ற கருவி 7 தினசரி, 4 வாராந்திர, 6 மாதாந்திரப் பிரதிகளை வைக்கிறது. மாறாத கோப்புகள் இரண்டாம் முறை இடம் பிடிப்பதில்லை. இரண்டாவது டிஸ்க் மற்ற நேரத்தில் 20 நிமிடம் சும்மா இருந்தால் சுழல்வதை நிறுத்திக்கொள்ளும்.

மூன்றாவது, 9,800 ரூபாய்க்கு வாங்கிய 4 டிபி போர்ட்டபிள் டிஸ்க். மாதத்துக்கு ஒருமுறை நகலெடுத்துச் சங்கரன்கோவிலில் மதினி வீட்டுக்குப் போய்விடும். அம்பாசமுத்திரத்திலும் ஒரு சொந்த வீடு இருந்தது, ஆனால் அதுவும் அதே ஆற்றின் கரை. இரண்டு நகலும் ஒரே வெள்ளத்தில் சிக்கக் கூடாது. டிஸ்க் வழியில் தொலைந்தால் பத்திர நகல்கள் வெளியே போகாமல் இருக்க லக்ஸ் குறியாக்கம் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாத பூட்டு) செய்திருக்கிறது. அதன் பாஸ்வேர்டு காகிதத்தில் எழுதி நகைப்பெட்டியில் இருக்கிறது. குறியாக்கம் செய்துவிட்டுப் பாஸ்வேர்டு ஒருவர் நினைவில் மட்டும் இருப்பது ஆபத்து.

செலவும் கரண்ட் பில்லும்

கம்ப்யூட்டர் 9,500, டிஸ்க் இரண்டும் 21,600, யூபிஎஸ் 3,400, சர்ஜ் பட்டை 1,100, மீடியா கன்வெர்ட்டர் 1,600, விசிறியும் வலையும் 650, கேபிள் 700, ஸ்விட்ச் 1,000, வெளி டிஸ்க் 9,800. மொத்தம் 49,350 ரூபாய்.

பிளக்கில் செருகும் வாட் மீட்டரில் அளந்தபோது இரண்டு டிஸ்க்கும் சுழலும்போது 24 வாட், ஒன்று தூங்கும்போது 20. இரண்டு மாத பில்லுக்கு ஏறக்குறைய 30 யூனிட். தொகையாகப் பார்த்தால் சிறிது. ஆனால் பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். 480-ல் நிற்கிற வீட்டை இந்தப் பெட்டி அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும். பட்டாசலில் இருந்த பழைய எழுபது வாட் விசிறி இரண்டை 28 வாட் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றி ஈடுகட்டினோம்.

அடுத்த வீட்டுக்கு அமைத்தால் மூன்று மாற்றங்கள். டிஸ்க் வாங்கும் முன்பே யூபிஎஸ் வாங்கி, என்யூடியோடு பேசுகிறதா என்று ஒரு பழைய லேப்டாப்பில் சோதிப்பது. பேசாவிட்டால் அன்றே திருப்பிக் கொடுப்பது. ராம் 16 ஜிபி. இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல் இரண்டு மாத இடைவெளியில் வாங்குவது. ஒரே தொகுப்பில் வந்த டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுதாகும் வாய்ப்பு உண்டு.

யூபிஎஸ் பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி. நம் வெயிலில் இரண்டு வருஷத்துக்குமேல் நம்பக் கூடாது. மாசி மாதம் ஒருமுறை எம்சிபியை இறக்கி, யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பேட்டரியின்மேலேயே தேதியோடு எழுதி வையுங்கள். புதிதில் 22 நிமிடம் வந்தது. பத்துக்குக் கீழே இறங்கினால், சித்திரை பிறக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.